புது ஸ்பைக்ஸா, பழசா? மூடபித்ரிக்குப் போகும் தங்கைக்கு என்ன சொல்லி அனுப்புவது?

திருமயத்தான் கேட்டது | டிசம்பர் 19, மாலை 6.15

என் தங்கை கல்லூரியில் இரண்டாம் வருடம். 1500 மீட்டர் ஓடுகிறாள். இதுவரை நல்ல டைமிங் 4:46. ஜனவரியில் கர்நாடகத்தின் மூடபித்ரியில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியப் போட்டி. எங்கள் வீட்டில் ஓடுவதற்காக மாநிலம் தாண்டிப் போகிற முதல் ஆள் அவள்தான். அப்பா கைமாற்று வாங்கிப் புது ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்டப் பந்தய ஷூ) எடுத்துக் கொடுத்திருக்கிறார். "போட்டியன்று பிரித்துப் போட்டுக்கொள், ராசியாக இருக்கும்" என்கிறார். பழையது பெருவிரல் பக்கம் வாயைப் பிளந்துவிட்டது. எதைப் போடச் சொல்வது? வேறு என்ன கொடுத்தனுப்புவது? ஓடிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம் லேன் | டிசம்பர் 19, இரவு 10.50

நாளைக் காலையிலேயே பிரிக்கச் சொல். ராசியெல்லாம் பட்டுப்புடவைக்கு. ஸ்பைக்ஸுக்கு வேண்டியது கால் பழக்கம்.

முதல் நாள் வீட்டுக்குள் சாக்ஸோடு போட்டு இருபது நிமிடம் நடக்கட்டும், அடியில் திருகும் ஆணியை, அதாவது 'பின்'னை, மாட்ட வேண்டாம். (அம்மாவின் மொசைக் தரை பிழைக்கும்.) எங்கே உரசுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இரண்டாம் நாள் பின் மாட்டி, மைதானத்தில் 60 மீட்டர் நான்கு. ஒரு நாள் விட்டு 200 மீட்டர் நான்கு. ஸ்பைக்ஸில் குதிகால் தாழ்ந்திருக்கும், அதனால் கெண்டைக்கால் பிடிக்கும். அந்த வலி மூன்று வாரம் முன்னால் வந்துவிட்டுப் போகட்டும்.

நான் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், பட்டவன். கல்லூரிக் கடைசி வருடம், 800 மீட்டர், வடக்கே ஓர் ஊரில் இதே அகில இந்தியப் போட்டி. ரயிலேறுவதற்கு முந்தின நாள் வாங்கிய புது ஜோடி. இரண்டாவது சுற்றில் குதிகால் கொப்புளம். 1:56 ஓடுகிறவன் 2:01ல் வந்து விழுந்தேன். அந்த ஒரு ஜோடி என்னைக் கவிழ்த்துவிட்டது.

டிசம்பர் 19, இரவு 11.25

தூக்கம் வரவில்லை, இன்னொன்று. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலாவுக்கு அங்கே கிடைத்த புது ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை. கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினார். 2:15:16, தங்கம், உலக சாதனை. உடனே தங்கையை வெறுங்காலோடு அனுப்பிவிடாதே. அவர் பயிற்சியிலேயே வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்.

டிசம்பர் 20, காலை 7.10

பின் விஷயம். மண் மைதானத்தில் ஓடுகிறவர்கள் நீளப் பின்னோடு சிந்தெடிக் டிராக்கில் வந்து நிற்பார்கள். ஓட்டப் பந்தயத்துக்கு விதிப்படி 9 மி.மீ.க்கு மேல் கூடாது. பல டிராக்குகளில் அதற்கும் குறைவாக, 6 அல்லது 7தான் விடுவார்கள். ஆகவே 6 மி.மீ. ஒரு செட் வாங்கிக்கொள், நாலைந்து உபரியாகவும். பின் திருகும் சாவியை மறக்க வேண்டாம். போட்டிக்குப் போன இடத்தில் சாவி இரவல் கேட்டு அலைவது போல அவமானம் வேறு இல்லை. கொடுத்தவன் அதைத் திருப்பி வாங்குவதற்குள் அவனுடைய ஹீட்ஸ் (தகுதிச் சுற்று) முடிந்துவிடும்.

அடிப்பாகத்தின் தடிமனையும் பார். 800க்கு மேல் என்றால் 25 மி.மீ. வரை போகலாம்.

டிசம்பர் 20, இரவு 8.30

மேலே 25 என்று எழுதியது பழைய கணக்கு. 2024 நவம்பர் 1 முதல் டிராக்கில் எல்லா ஓட்டத்துக்கும் 20 மி.மீ.தான். சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி. நம் காலத்தில் இதெல்லாம் பிரச்சினையே இல்லை, எங்கள் ஸ்பைக்ஸின் அடிப்பாகம் அப்பளம் மாதிரி இருக்கும். சாலை ஓட்டத்துக்கான மெத்தை ஷூவைக் கொண்டுபோய் டிராக்கில் ஓடலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்த விதி இடிக்கும்.

டிசம்பர் 22, மதியம் 1.40

பயணம். தம்பி திருமயத்தான் கேட்டிருந்தான், தங்கை அணியோடுதான் போகிறாளாம், ரயிலில். மங்களூர் வரை ரயில், அங்கிருந்து மூடபித்ரி சுமார் 35 கி.மீ., பஸ். நான் அங்கே ஓடியதில்லை. பின்னாளில் பழைய கல்லூரிப் பையன்களோடு மேனேஜர் என்ற பெயரில் மூட்டை தூக்கப் போனேன். அதில் கற்றது இது.

ஸ்பைக்ஸ், ஓடும் பனியன், ஷார்ட்ஸ், சான்றிதழ்கள். இந்த நான்கும் அவள் தோளில் தொங்கும் சின்னப் பையில். அணியின் பெரிய பையில் கூடாது, சீட்டுக்கு அடியிலும் கூடாது. தூங்கும்போது தலைக்கு அடியில். போர்வை தொலைந்தால் இரவல் வாங்கலாம், ஆறாம் நம்பர் ஸ்பைக்ஸை யாரிடம் போய்க் கேட்பது?

மேல் பெர்த் கிடைத்தால் விடாதே. மற்ற பெர்த் என்றால் யாராவது வந்து உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள், காலை நீட்ட முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கிப் பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கட்டும். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் நம் பெண்பிள்ளைகளுக்கு உண்டு. அதைக் கண்டித்துச் சொல். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு போட்டு அனுப்பு.

சாப்பாட்டுக்குப் புளிசோறு. வேறு யோசனையே வேண்டாம். இரண்டு நாள் தாங்கும்.

டிசம்பர் 23, இரவு 9.05

இன்று எழுதப்போவதை அப்பா அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு. எல்லோரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள், இதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

மார்கழிப் பனி, ரயில் தூசி, கூட்டமாகத் தங்கல். அவளுக்குச் சளியோ இருமலோ வரத்தான் போகிறது. வந்தால் என்ன செய்வாள்? பக்கத்து மருந்துக் கடையில் "அண்ணே, இருமலுக்கு ஏதாவது" என்று கேட்பாள். நம் ஊர்க் கடைகளில் எடுத்து நீட்டும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் என்ற மருந்து இருக்கிறது. ப்ரோம்ஹெக்ஸின், குவாய்ஃபெனசின் என்ற இரண்டோடு மூன்றாவதாகப் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும். ஊக்கமருந்துப் பட்டியலில் டெர்பியூட்டலின் தடை செய்யப்பட்டது. போட்டி நாளில் மட்டுமல்ல, வருடம் முழுக்க. மூக்கடைப்பு மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கலாம். போட்டி சமயத்தில் அது சிறுநீரில் அளவுக்கு மேல் தெரிந்தால் சிக்கல். அலர்ஜிக்கு என்று கொடுக்கும் ப்ரெட்னிசோலோன் மாத்திரையும் போட்டி சமயத்தில் கூடாது.

மூட்டை தூக்கிப் போன அந்தத் தடவை, ஒரு பையன் கையில் சிரப் பாட்டிலோடு அறைக்கு வந்தான். மூடி திறந்தாயிற்று, கரண்டியில் ஊற்றவும் செய்தாயிற்று. நான் வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசிப்பதற்குள் அவன் "சார், இது எங்க அம்மா எப்பவும் தர்றதுதான் சார்" என்றான். அதே மூன்று பெயர்கள். பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். அறை முழுக்க ஒரு நாள் அந்த இனிப்பு வாடை. பையன் இருமிக்கொண்டேதான் ஓடினான், ஓடிக்கொண்டேதான் திட்டினான்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் தடையில்லை. ஆவி பிடிக்கலாம், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் "நான் போட்டியில் ஓடுகிறவள், தடைப் பட்டியல் பார்த்து எழுதுங்கள்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு மருத்துவ விலக்கு என்று ஒரு வழி உண்டு, அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பெயர் தெரியாத லேகியம், ஜிம் நண்பன் கொடுத்த டப்பா மாவு, எதுவும் வேண்டாம். "தெரியாமல் சாப்பிட்டேன்" என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்கள். உடம்பில் இருந்தது எதுவானாலும் பொறுப்பு ஓடியவருடையது.

டிசம்பர் 23, இரவு 10.15

என் அக்கா (400 ஓடியவள்) இதைப் படித்துவிட்டு, "முக்கியமானதை விட்டுவிட்டாயே, ஆம்பளைப் புத்தி" என்கிறாள். அவள் சொன்னபடி எழுதுகிறேன். மாதவிடாய் அந்த வாரத்தில் வருமா என்று இப்போதே கணக்குப் பார்க்க வேண்டும். வந்தாலும் ஓடலாம், ஓடியிருக்கிறார்கள், ஜெயித்திருக்கிறார்கள். தள்ளிப்போடும் மாத்திரையை முதல் தடவையாகப் போட்டிக்கு முன் விழுங்கி உடம்பைச் சோதிக்க வேண்டாம். வழக்கமாக வைக்கும் நாப்கினையே ஊரிலிருந்து எடுத்துப் போகட்டும். கறுப்பு ஷார்ட்ஸ் ஒன்று கூடுதலாக. அணியோடு வரும் பொறுப்பாளர்களில் பெண் யார் என்று கேட்டு அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்.

இந்தக் கடைசி வரி எனக்குத் தோன்றியே இருக்காது.

டிசம்பர் 26, காலை 6.30

புளிசோறு பற்றிப் பின்வாங்குகிறேன். ரயிலுக்கு நல்லது, அங்கே போய் இறங்கிய பிறகும் மிச்சத்தைச் சாப்பிடாதே. நிலக்கடலை, நல்லெண்ணெய் எல்லாம் ஓடும் நாள் வயிற்றில் கல்லாக உட்காரும். மூடபித்ரிப் பக்கம் கொட்டை அரிசிச் சோறு, வெல்லம் போட்ட சாம்பார். நம் பையன்கள் முதல் வேளை "இது என்ன பாயசமா?" என்று தட்டை ஒதுக்கினார்கள், இரண்டாம் நாள் வழித்துச் சாப்பிட்டார்கள். முதல் வேளையே சாப்பிடப் பழகச் சொல்.

சாப்பாடு கிடைக்காமல் ஓடுவது என்றால் யாருக்கும் நினைவுக்கு வருவது பி.டி. உஷாதான். 1984 லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். 55.42. மூன்றாவதாக வந்தவர் 55.41. அங்கத்திய உணவு ஒத்துவராமல் கஞ்சியும் ஊறுகாயுமாக ஓடியதைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அந்த நூறில் ஒரு பங்கு விநாடி கஞ்சியில் போனதா, கோட்டில் நெஞ்சைச் சாய்க்காததில் போனதா என்று டீக்கடையில் மணிக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். எப்படியோ, வாழைப்பழம், பேரீச்சை, அவல், கொஞ்சம் வெல்லம். பையில் இருக்கட்டும். ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு இட்லி போதும்.

பயிற்சி பற்றி: கடைசிப் பத்து நாளில் புதிதாக ஒன்றும் ஏறாது. தூரத்தைப் பாதியாக்கு, வேகத்தை விடாதே. போட்டிக்கு நான்கு நாள் முன்பு பந்தய வேகத்தில் 300 மீட்டர் மூன்று. அவ்வளவுதான். "டிரையல் ஓடிப் பார்த்துவிடுவோம்" என்று நான் ஒரு தடவை கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு முழு 800 ஓடினேன். டிரையலில் அருமையான டைமிங், போட்டியில் கால் ஈயம். அந்த டைமிங்கை எந்தச் சான்றிதழிலும் போட மாட்டார்கள்.

டிசம்பர் 28, இரவு 9.20

சான்றிதழ்: ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் (பிறந்த தேதிக்கு), கல்லூரி அடையாள அட்டை, படிக்கிறாள் என்பதற்கான சான்று, புகைப்படம் நாலைந்து. அசல் ஒரு உறை, நகல் வேறு உறை.

செஸ்ட் நம்பர் இரண்டு கொடுப்பார்கள், முன்னும் பின்னும். எட்டு ஊக்கு வேண்டும். ஊக்கு எப்போதும் குறையும். பன்னிரண்டு கொண்டுபோகட்டும். நம்பரை முந்தின இரவே பனியனைப் போட்டுக்கொண்டு குத்திப் பார்க்க வேண்டும். தரையில் விரித்துக் குத்தினால் நெஞ்சுப் பக்கம் இழுத்துப் பிடிக்கும்.

கால் ரூம் (call room) பற்றி ஒன்று. ஓட்டத்துக்கு முன்பு அங்கே கூப்பிட்டு, ஆள் சரியா, நம்பர் சரியா, பின் நீளம் சரியா என்று பார்ப்பார்கள். போனெல்லாம் உள்ளே விட மாட்டார்கள். பத்து பன்னிரண்டு பெண்கள் ஒரே பெஞ்சில், ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். வார்ம் அப்பில் ஏறிய சூடு அங்கே இறங்கிவிடும். அதனால் டிராக் சூட்டை ஸ்டார்ட் வரை கழற்ற வேண்டாம். கால் ரூம் நேரம் வேறு, ஓட்ட நேரம் வேறு என்பது புதியவர்களுக்குத் தெரியாது. அட்டவணையில் இருப்பது ஓட்ட நேரம். அதை நம்பி மரத்தடியில் படுத்திருந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

டிசம்பர் 30, மாலை 5.45

இன்று மைதானத்தில் ஒரு பையன் வளைவில் உள்கோட்டை மிதித்து மிதித்து ஓடினான். நம் புதுக்கோட்டை லட்சுமணன் ஞாபகம் வந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, 10,000 மீட்டர். மூன்றாவதாக வந்து, வெண்கலம் என்று நாமெல்லாம் குதித்து முடிப்பதற்குள் உள்கோட்டுக்கு அப்பால் கால் வைத்தார் என்று நீக்கிவிட்டார்கள். அத்தனை ஓடிய பிறகு ஓர் அடி. 1500ல் கூட்டமாக ஓடும்போது உள்பக்கம் ஒட்டி மாட்டிக்கொண்டால் இது நடக்கும். நாலு பையன்களை முன்னாலும் பக்கத்திலும் ஓடவிட்டு, நடுவில் அவளை ஓடப் பழக்குங்கள். தனியாக 4:46 ஓடுவது வேறு, முழங்கை விலாவில் இடிக்க ஓடுவது வேறு.

ஜனவரி 1, இரவு 1.10

வெளியே பட்டாசு, தூக்கம் போச்சு. முதல் குறிப்பைத் திரும்ப வாசித்தேன். ஒன்றைத் திருத்தியாக வேண்டும்.

கொப்புளம் வந்தது உண்மைதான். ஆனால் இரண்டாவது சுற்றில் வரவில்லை. ஓட்டம் முடிந்து, யாரிடமும் பேசப் பிடிக்காமல், ஸ்பைக்ஸைக்கூடக் கழற்றாமல் சிமெண்ட் பாதையில் அறைவரை நடந்தேன் பார், அப்போது வந்தது. அறையில் சாக்ஸைக் கழற்றியபோது குதிகாலில் ரத்தம். பி.டி. சார் அதைப் பார்த்து, "அட, இதனாலதானாடா?" என்றார். நான் தலையாட்டினேன். அன்று ஆட்டிய தலை, பன்னிரண்டு வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

நடந்தது இது. முந்தின இரவு ஸ்டார்ட் லிஸ்டை வாங்கி, யாருக்கு என்ன டைமிங் என்று எட்டு பேரையும் மனப்பாடம் செய்தேன். ஆறு பேர் என்னைவிட வேகம். விடிய விடிய மனசுக்குள் ஓடினேன். துப்பாக்கி வெடித்ததும் என் கால் என்னிடம் கேட்கவில்லை. முதல் சுற்று 53. நான் பழகியிருந்தது 56. 500 மீட்டர் வரை முன்னால் நான்தான். கடைசி நூறில் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனது, பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டவன் நிற்கிற மாதிரி.

1976 மாண்ட்ரியல் 800 மீட்டர் இறுதியில் ஸ்ரீராம் சிங் முதல் சுற்றை 50.85ல் முன்னால் ஓடினார். வென்றது ஹுவான்டொரினா, 1:43.50, உலக சாதனை. ஸ்ரீராம் ஏழாவது. ஆனால் அவர் ஓடிய 1:45.77 இந்திய சாதனையாக 2018 வரை நின்றது. நானும் ஸ்ரீராம் மாதிரி தைரியமாக ஓடினேன் என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தேன். அவர் தைரியத்தில் போனார், நான் பயத்தில் போனேன். அதனால் கொப்புளம்தான் வசதியாக இருந்தது.

புது ஸ்பைக்ஸ் பற்றிச் சொன்னது தப்பில்லை, பழக்கித்தான் போட வேண்டும். ஆனால் நான் சொன்ன காரணம் பொய்.

ஜனவரி 1, காலை 9.00

வாட்ஸப்பில் அக்கா: "எனக்கு அன்னைக்கே தெரியும்."

ஜனவரி 2, இரவு 8.15

சரி, தங்கச்சிக்கு வேலைக்கு ஆகிற மாதிரி. 1500 ஸ்டார்ட் முதல் வளைவு முடிகிற இடத்தில். முதலில் 300 மீட்டர், அப்புறம் மூன்று முழுச் சுற்று. 4:40 குறி என்றால் நூறு மீட்டருக்கு 18.7 விநாடி. கோட்டை முதல் தடவை தாண்டும்போது 56. அடுத்த தடவை 2:11. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது 3:25. இந்த மூன்று எண்ணைத் தவிர வேறு எண் மண்டையில் இருக்கக் கூடாது. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளட்டும்.

அந்த 300ஐத்தான் தினமும் பழக வேண்டும். கால் புதிதாக இருக்கும்போது 56 என்பது நடக்கிற மாதிரி இருக்கும். எல்லோரும் முன்னால் போவார்கள். போகட்டும்.

ஸ்டார்ட் லிஸ்டைப் பார்க்க வேண்டாம் என்று எழுதப் போனேன். சிலர் பார்த்தால்தான் தூங்குவார்கள், அக்கா அந்த ரகம். அவளே முடிவு செய்துகொள்ளட்டும். நீ வாங்கி அனுப்பாதே.

ஜனவரி 4, மதியம் 2.30

தம்பி கேட்கிறான்: மூடபித்ரியில் பார்க்க என்ன இருக்கிறது? ஆயிரம் தூண் சமணக் கோயில் இருக்கிறது, 1430ல் கட்டியது. ஒரு தூண் மாதிரி இன்னொன்று இருக்காது என்பார்கள். எங்கள் பையன்கள் ஹீட்ஸுக்கு முந்தின நாள் வெயிலில் போய் ஒவ்வொரு தூணாக எண்ணினார்கள். மறுநாள் காலில் உயிரில்லை. ஓடி முடித்த பிறகு பார்க்கட்டும், தூண் எங்கேயும் போகாது.

ஜனவரி மூன்றாம் வாரம், ஒரு இரவு

தம்பி போன் பண்ணினான். ஹீட்ஸில் 4:43, ஆறாவது. இறுதிக்குப் போகவில்லை. சொந்த டைமிங்கில் மூன்று விநாடி முன்னேற்றம். அப்பா "ஸ்பைக்ஸ் எப்படி இருந்தது?" என்று மூன்று தடவை கேட்டாராம்.

நான் ஒன்றுதான் கேட்டேன், முதல் 300 எவ்வளவு? 52.

போனை அவளிடமே கொடுக்கச் சொன்னேன். "ஷூ நல்லா இருந்துச்சுண்ணே. நான்தான் முதல்ல ஓடித் தொலைச்சுட்டேன். கையில எழுதினது வேர்வையில அழிஞ்சிருச்சு" என்றாள். ஊர் வந்து சேர்வதற்குள் சொல்லிவிட்டாள்!

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புதுக்கோட்டை மைதானத்துக்கு வரச் சொல் தம்பி. வெறும் 300 மட்டும்தான், 56ல், எட்டுத் தடவை. ஸ்டாப் வாட்ச் என்னிடம் இருக்கிறது. மிச்சப் புளிசோறு இருந்தால் எடுத்து வா.